வண்டி விலகியதா, விலக்கினார்களா?

ஒரு வினைச்சொல் கொஞ்ச நாளாக என்னைத் தூங்கவிடவில்லை என்று சொன்னால் வீட்டில் சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும். மொழிபெயர்ப்பு வேலை பார்க்கிறவர்களுக்கு இது தொழில் நோய். விஷயம் இதுதான்: ஒரு சாலை விபத்து பற்றிய காப்பீட்டுக் கோப்பு, ஏற்கனவே வேறு யாரோ தமிழாக்கியது, சரிபார்க்கச் சொல்லி என்னிடம் வந்தது. உள்ளே இரண்டு வாக்குமூலங்கள். ஒன்று காரை ஓட்டியவருடையது, இன்னொன்று எதிரே வந்தவருடையது. ஓட்டியவர் தன் கார் 'ஸ்வெர்வ்' (swerve) ஆனதாக ஆங்கிலத்தில் எழுதியிருந்தார். எதிரே வந்தவர் அதே கார் 'வீர்' (veer) ஆனதாக எழுதியிருந்தார். தமிழில் இரண்டு இடத்திலும் 'கார் ஒருபுறமாகத் திரும்பியது' என்று இருந்தது. இலக்கணப் பிழை இல்லை, எழுத்துப் பிழை இல்லை, அகராதியைத் திறந்தால் அகராதியும் அந்த மொழிபெயர்ப்பாளர் பக்கம்தான் நிற்கும். ஆனால் அந்த ஒரே வாக்கியத்தால் கோப்பில் இருந்த வழக்கே காணாமல் போயிருந்தது. ஆங்கிலத்தில் இரண்டு பேர் மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார்கள்; தமிழில் இரண்டு பேரும் ஒரே விஷயத்தைச் சொல்லிவிட்டுப் பேசாமல் போய்விட்டார்கள்.

ஸ்வெர்வ் என்று படித்ததும் மனசு முதலில் கேட்கிற கேள்வி, குறுக்கே என்ன வந்தது என்பதுதான். நாயா, குழந்தையா, பள்ளமா? ஏதோ ஓர் இடைஞ்சல் அந்தச் சொல்லுக்குள்ளேயே உட்கார்ந்திருக்கிறது. ஓட்டுகிறவர் விழித்துக்கொண்டிருக்கிறார், கண் பார்த்துவிட்டது, கை வேலை செய்துவிட்டது, ஆபத்து தாண்டியதும் பழைய பாதைக்கே வந்துவிடுவார் என்கிற நம்பிக்கையும் சேர்ந்தே வருகிறது. வீர் என்று படித்தால் கேள்வி வேறு. தூங்கிவிட்டாரா? போனைப் பார்த்தாரா? டயர் வெடித்ததா? இங்கே இடைஞ்சலைத் தேடத் தோன்றாது, ஓட்டுநரின் நிலையைத்தான் தேடத் தோன்றும். இது கல்லில் பொறித்த விதி இல்லை. குடித்துவிட்டு ஓட்டினவனின் காரையும் ஸ்வெர்வ் ஆனது என்று எழுதுகிறவர்கள் உண்டு, யோசித்து எடுத்த திருப்பத்தை வீர் என்று சொல்கிறவர்களும் உண்டு. ஆனாலும் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துவிட்டால், ஒன்று தற்காப்பு, இன்னொன்று குற்றச்சாட்டு. காரை ஓட்டியவர் தன் சொல்லைத் தற்செயலாக எடுத்தார் என்று நான் நம்பவில்லை.

வீர் என்ற சொல்லுக்கு இந்தக் குணம் எங்கிருந்து வந்தது என்று யோசித்தால் காற்றுதான் ஞாபகத்துக்கு வருகிறது. வானிலைக்காரர்களும் மாலுமிகளும் காற்றின் திசை கடிகார முள் சுற்றும் பக்கமாக மாறினால் வீர் என்பார்கள், எதிர்ப்பக்கமாக மாறினால் பேக் (back). தெற்கிலிருந்து அடித்த காற்று தென்மேற்குக்குப் போனால் வீர், தென்கிழக்குக்குப் போனால் பேக், அவ்வளவுதான். இதில் யாரும் யாரையும் குறை சொல்லவில்லை, காற்றுக்கு உள்நோக்கம் கிடையாதே. அதனால்தானோ என்னவோ, பிடித்திருக்கிற கை எதுவென்று தெரியாத எல்லாவற்றுக்கும் இந்தச் சொல் சௌகரியமாகப் பொருந்துகிறது. பேச்சு வீர் ஆகும், பொதுஜன அபிப்பிராயம் வீர் ஆகும், ஒரு கட்சி வலது பக்கம் வீர் ஆகும். காரைப் பற்றி அதைச் சொல்லும்போது மட்டும் கை இல்லாமல் போனது ஒரு குற்றமாகிவிடுகிறது, ஏனென்றால் காரில் கை இருந்திருக்க வேண்டும்.

சரி, தமிழுக்கு வருவோம். தமிழ் இந்த விஷயத்தில் ஏழை என்று முதலில் எனக்கும் ஓர் எரிச்சல் வந்தது. விலகு, திரும்பு, ஒதுங்கு, வளை, மாறு, அப்புறம்? கொஞ்சம் யோசித்தால் விஷயம் தலைகீழ். ஆங்கிலத்தில் டர்ன், ஸ்வெர்வ், வீர் மூன்றும் இரட்டை வேஷம் போடுகிற சொற்கள். கார் திரும்பினாலும் டர்ன், நான் காரைத் திருப்பினாலும் டர்ன். தமிழில் அந்த வசதி கிடையாது. திரும்பு, திருப்பு, விலகு, விலக்கு, மாறு, மாற்று. பள்ளிக்கூடத்தில் தன்வினை, பிறவினை என்று மனப்பாடம் செய்த அதே சமாச்சாரம். ஒரு மெய்யெழுத்து மாறினால் போதும், செய்தவர் யார் என்ற கேள்வி வந்து நிற்கும். காரை ஓட்டியவர் ஆங்கிலத்தில் காரையே எழுவாயாக வைத்து, 'கார் ஸ்வெர்வ் ஆனது' என்று எழுதித் தன்னை அதன் பின்னால் மறைத்துக்கொண்டார். அந்த வினையோ, கை ஒன்று இருந்தது என்று காட்டிக்கொடுத்துக்கொண்டே இருக்கிறது. 'கார் திரும்பியது' என்றால் அந்தக் கையை நான் வெட்டிவிடுகிறேன். 'காரைத் திருப்பினேன்' என்றால் அவர் சொல்லாத ஒப்புதலை அவர் வாயில் திணிக்கிறேன். ஒரு காப்பீட்டுக் கோப்பில் இந்த இரண்டுமே விளையாட்டான காரியமில்லை.

இதற்கு நடுவில் இன்னொரு சிக்கலும் வந்துகொண்டிருக்கிறது. தடத்தை விட்டு வண்டி நகர்ந்தால் ஸ்டியரிங்கைத் தானே லேசாகத் திருப்பி உள்ளே கொண்டுவருகிற வசதி இப்போது நிறைய கார்களில் உண்டு. கார் திரும்பவும் இல்லை, ஓட்டுநர் திருப்பவும் இல்லை. கார் தன்னைத் திருப்பிக்கொண்டது. ஆங்கிலம் இங்கே ஒன்றும் புதிதாகச் செய்ய வேண்டாம், பழைய வாக்கியமே போதும். தமிழில் 'கொள்' என்ற துணைவினையைக் கூப்பிட வேண்டும். அது வந்ததும் காருக்கு ஒரு மனசு வந்துவிடுகிறது, அதுவும் எனக்குச் சரியாகப் படவில்லை.

ஸ்வெர்வுக்குத் தமிழில் ஆள் இல்லை என்றுதான் நினைத்திருந்தேன், வண்டி ஓட்டுகிறவர்கள் பேசுவதை ஞாபகப்படுத்திப் பார்க்கும் வரை. 'நாய் குறுக்கே வந்துச்சு, சட்டுனு ஒடிச்சேன்.' ஒடிப்பது! ஸ்டியரிங்கை ஒடிப்பது, ஹேண்டில் பாரை ஒடிப்பது. திடீர் என்பதும் இருக்கிறது, கை என்பதும் இருக்கிறது, இடைஞ்சல் என்பதும் இருக்கிறது. ஸ்வெர்வுக்கு இதைவிடப் பொருத்தமாக ஒன்று கிடைக்காது. கடைசியில் நான் எழுதியது: 'சட்டென்று ஒடித்ததில் கார் ஒருபுறமாகத் திரும்பியது.' ஒடித்தது யார் என்று வாக்கியம் சொல்லவில்லை, ஆனால் யாரோ ஒடித்தார்கள் என்று தெரிகிறது. ஓட்டியவர் ஆங்கிலத்தில் எவ்வளவு ஒளிந்திருந்தாரோ அவ்வளவே தமிழிலும். எதிரே வந்தவருக்கு 'கார் ஒருபுறமாக விலகிக்கொண்டே வந்தது'. ஒடிப்பது பேச்சு வழக்கு, அலுவல் கோப்புக்கு ஆகாது என்று ஒரு ஆட்சேபணை வந்தது. வாக்குமூலம் என்பதே பேச்சுதானே என்று பதில் போட்டேன். அந்தச் சொல் அப்படியே நின்றது, எனக்கு அதில் கொஞ்சம் கர்வம்தான்.

ஒரு கப்பல், ஒரு சட்டம்

கோப்பு முடிந்தது, ஆனால் விஷயம் முடியவில்லை. காப்பீட்டுக்காரர்களுக்கு இந்த வகைச் சொற்களில் எது உயிர்நாடி என்று தேடிக்கொண்டு போனபோது 'டீவியேட்' (deviate) என்ற சொல்லில் போய் முட்டினேன். லத்தீனில் 'வியா' என்றால் வழி, 'டே' என்றால் அதிலிருந்து அப்பால். வழியை விட்டுப் போவது. முன்னாலேயே ஒரு வழி போட்டு வைத்திருந்தால்தான் டீவியேட் ஆக முடியும், இது முக்கியம். புல்வெளியில் சும்மா சுற்றுகிறவன் ஸ்வெர்வ் ஆகலாம், வீர் ஆகலாம், டீவியேட் ஆக மாட்டான்.

பிரிட்டனின் 1906ஆம் ஆண்டுக் கடல்சார் காப்பீட்டுச் சட்டம் இந்த ஒரு சொல்லுக்காகவே தனிப் பிரிவு வைத்திருக்கிறது. 46ஆம் பிரிவு. பாலிசியில் நினைத்திருந்த பயணத்திலிருந்து தகுந்த காரணமில்லாமல் கப்பல் விலகினால், விலகின அந்த நேரத்திலிருந்து காப்பீட்டாளருக்குப் பொறுப்பு கிடையாது. இதோடு நின்றிருந்தால் ஆச்சரியமில்லை. நஷ்டம் ஏற்படுவதற்கு முன்பே கப்பல் தன் பாதைக்குத் திரும்பி வந்திருந்தாலும் அது கணக்கில் வராது என்று அதே வாக்கியம் மேலே போகிறது. அதாவது ஒரு தடவை விலகிவிட்டு, சமர்த்தாகத் திரும்பி வந்து, பத்து நாள் கழித்து வேறெங்கோ புயலில் மூழ்கினாலும் கதை முடிந்தது. அதே பிரிவில் இன்னொரு வரி: விலக வேண்டும் என்ற எண்ணம் பொருட்டில்லை, உண்மையாகவே விலகியிருக்க வேண்டும். மனசுக்குள் விலகினவனைச் சட்டம் ஒன்றும் செய்யாது. இதைப் படித்துவிட்டு வெகுநேரம் அந்தப் பக்கத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். சாதாரணமாக எண்ணத்துக்கும் செயலுக்கும் நடுவில் நாம் போடுகிற குழப்பத்தையெல்லாம் ஒரு வினைச்சொல்லின் மேல் இவ்வளவு சுத்தமாகக் கோடு கிழித்துப் பிரித்ததை நான் வேறெங்கும் பார்க்கவில்லை.

பிறகு 49ஆம் பிரிவு, எப்போது விலகலாம் என்று. மனித உயிரைக் காப்பாற்ற, உயிர்கள் ஆபத்தில் இருக்கக்கூடிய வேறு கப்பலுக்கு உதவ, கப்பலில் இருப்பவருக்கு மருத்துவம் பார்க்க, கப்பலின் பாதுகாப்புக்கு அவசியமென்றால், இப்படிச் சில. காரணம் தீர்ந்ததும் தாமதிக்காமல் பழைய பாதைக்கு வந்துவிட வேண்டும். உயிர் என்று சொன்னார்களே, சொத்து என்று சொல்லவில்லை பாருங்கள். அதன் பின்னால் ஒரு நிஜக் கப்பல் இருக்கிறது. ஒலிம்பியாஸ் என்ற கப்பல் கோதுமை ஏற்றிக்கொண்டு ரஷ்யத் துறைமுகமான கிரான்ஸ்டாட்டிலிருந்து ஜிப்ரால்டருக்குப் போய்க்கொண்டிருந்தது. வழியில் ஏரியான் என்ற கப்பல் இயந்திரம் பழுதாகித் தத்தளித்தது. அதிலிருந்த ஆட்களை மட்டும் ஏற்றிக்கொண்டு போயிருக்கலாம், அதற்குத் தடையில்லை. ஒலிம்பியாஸின் தலைவரோ 1000 பவுண்டு பேசி, ஏரியானையே டச்சுத் தீவான டெக்ஸலுக்கு இழுத்துக்கொண்டு போக ஒப்புக்கொண்டார். போகிற வழியில் டெர்ஷெலிங் என்ற இன்னொரு டச்சுத் தீவின் பக்கம் தரைதட்டி, ஒலிம்பியாஸும் போயிற்று, கோதுமையும் போயிற்று. கோதுமைக்காரர் வழக்குப் போட்டார். 1880இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் சொன்னது: உயிரைக் காக்க விலகலாம், பொருளைக் காக்க மட்டும் விலகக் கூடாது. கடலின் மேல் அந்தக் கப்பல் போட்ட கோடு இரண்டு காரணத்துக்கும் ஒன்றாகவேதான் இருந்திருக்கும். ஆட்களுக்காகப் போனால் அது கடமை, 1000 பவுண்டுக்காகப் போனால் அது டீவியேஷன்.

இதே ஊரில், அதாவது ஆங்கிலச் சட்டத்தில், இன்னும் பழைய தீர்ப்பு ஒன்று. 1834, ஜோயல் எதிர் மாரிசன். முதலாளியின் வண்டியை ஓட்டிக்கொண்டு போன வேலைக்காரன் யாரையோ மோதிவிட்டான், அவன் அப்போது போக வேண்டிய வழியில் இல்லை என்று முதலாளி தரப்பு வாதம். நீதிபதி பார்க் ஒரு பிரிவினை செய்தார். முதலாளி வேலையாகப் போகிறபோது சுற்றுவழியில் போயிருந்தால் முதலாளி பொறுப்பு. தன் சொந்தக் கும்மாளத்துக்காகப் போயிருந்தால் முதலாளிக்குப் பொறுப்பில்லை. டிடூர் ஒரு பக்கம், ஃப்ராலிக் ஒரு பக்கம். ஃப்ராலிக் என்ற விளையாட்டுத்தனமான சொல்லைச் சட்டக்கல்லூரி மாணவர்கள் இன்றைக்கும் முகத்தைக் கடுமையாக வைத்துக்கொண்டு மனப்பாடம் செய்கிறார்கள். எனக்கு அது பிடித்திருக்கிறது.

விமானக்காரர்கள் இந்த விஷயத்தில் இன்னும் கறார். இடிமேகத்தைச் சுற்றிப் போக விமானி கேட்பது டீவியேஷன். வேறு ஊரில் போய் இறங்கினால் டைவர்ட். முதலாவதில் பயணிக்குத் தெரியக்கூடத் தெரியாது, கொஞ்சம் தாமதமாக வீடு போய்ச் சேர்வார். இரண்டாவதில் அவர் எங்கேயோ ஒரு விமான நிலைய நாற்காலியில் உட்கார்ந்து போனில் கத்திக்கொண்டிருப்பார். செய்திகளில் இரண்டையும் 'திசைதிருப்பப்பட்டது' என்று எழுதும்போது எனக்குப் பகீரென்கிறது.

ஏர் முனையில்

இந்தச் சொற்களின் வேரைத் தோண்டினால் கடலைவிட வயல்தான் அதிகம் வருகிறது. டிலீரியம் என்ற மருத்துவச் சொல் தெரியும், காய்ச்சலில் பிதற்றுவது. லத்தீனில் 'லிரா' என்றால் உழவுச்சால், 'டே லிரா' என்றால் அந்த உழவுச்சாலை விட்டு விலகுவது. ஏர் உழவுச்சாலை விட்டுப் போனால் புத்தி பேதலித்ததாக அர்த்தம். ப்ரிவேரிகேட் (prevaricate) என்று ஒன்று, நாம் மழுப்புவது என்று சொல்வதற்குக் கிட்டத்தட்ட சமம். அதன் லத்தீன் மூலத்துக்குக் கால் வளைந்தவன் மாதிரி கோணலாக நடப்பது என்று பொருள். முதல் நூற்றாண்டில் ரோமானிய எழுத்தாளர் பிளினி எழுதுகிறார்: உழுகிறவன் குனிந்து வேலை செய்யாவிட்டால் ஏர் கோணிவிடும், அந்தச் சொல்லைத்தான் நீதிமன்றத்துக்கு எடுத்துக்கொண்டு போனார்கள் என்று. ரோமில் அந்தப் பட்டத்தைப் பெற்றவர், குற்றம் சாட்டுகிற பக்கம் நின்றுகொண்டே எதிர்த்தரப்போடு ரகசியமாகக் கைகோத்து வழக்கைக் கோணலாக நடத்துகிறவர். குதிரை ஒரு வேலியைத் தாண்டாமல் நின்றுகொண்டு முரண்டு பிடித்தால் ஆங்கிலத்தில் 'பாக்' (balk) என்பார்கள். அது பழைய ஆங்கிலத்தில் உழாமல் விட்ட மேட்டுக்குப் பெயர். விட்டுவிட்டுப் போவதிலிருந்து தயங்கி நிற்பதற்கு வந்து சேர்ந்தது.

நேராகப் போவது ஒழுக்கம், விலகினால் கிறுக்கு அல்லது பொய் என்ற மதிப்பீடு அறநூல்களிலிருந்து வந்திருக்கும் என்றுதான் நினைத்திருந்தேன். ஏர்தான் காரணம் என்றால் அதில் ஒரு நியாயம் தெரிகிறது. ஒரு சால் கோணினால் அடுத்ததும் கோணும். தமிழில் இதே வேலையைச் செய்கிற 'தறிகெட்டு' என்ற சொல் வயலிலிருந்து வரவில்லை, கட்டுத்தறியிலிருந்து வருகிறது. விபத்துச் செய்தி எழுதுகிறவர்கள் 'கட்டுப்பாட்டை இழந்த கார் தறிகெட்டு ஓடி' என்று கண்ணை மூடிக்கொண்டு எழுதுவார்கள், கட்டும் தறியும் ஒரே வரியில் இருப்பதைக் கவனிக்காமலே. அங்கே கோடு இல்லை, கயிறுதான். கயிறு இருக்கிறவரை எந்தப் பக்கம் போனாலும் பரவாயில்லை என்கிற அந்தத் தாராளம் எனக்கு உழவுச்சாலைவிட அதிகம் பிடிக்கிறது.

ஸ்வெர்வ் மட்டும் இந்தக் கூட்டத்தில் சேராது. பழைய ஆங்கிலத்தில் அது அரத்தால் ராவுவதைக் குறித்தது, தேய்ப்பதை, மெருகேற்றுவதை. அதன் டச்சு உறவுச் சொல்லுக்கு அலைந்து திரிவது என்று பொருள். பட்டறைக்கும் நாடோடிக்கும் நடுவில் எங்கோ இருந்து வந்து ஸ்டியரிங்கில் உட்கார்ந்துகொண்டது.

திரும்பியதை ஒப்புக்கொள்ளாத சொற்கள்

அரசியலுக்கும் வியாபாரத்துக்கும் வந்தால் திரும்புவது கெட்ட வார்த்தை. பிரிட்டனின் பிரதமராக இருந்த மார்கரெட் தாட்சர் 1980 அக்டோபரில் கட்சி மாநாட்டில், வேண்டுமானால் நீங்கள் திரும்பிக்கொள்ளுங்கள், நான் திரும்புகிறவள் இல்லை என்கிற அர்த்தத்தில் பேசிக் கைதட்டல் வாங்கினார். 'யு டர்ன்' என்ற சொல்லை வைத்து விளையாடிய வசனம் அது. அதன் பிறகு அங்கே எந்தத் தலைவரும் யு டர்ன் அடித்ததாகத் தன்னைப் பற்றித் தானே சொல்லிக்கொள்வதில்லை. அது எப்போதும் எதிர்க்கட்சி வைக்கிற பெயர். தான் செய்தால் மறுபரிசீலனை, பாதைத் திருத்தம், இப்படி ஏதாவது.

கம்பெனிகள் தொழிலை வேறு பக்கம் திருப்பும்போது எடுத்துக்கொண்ட சொல் 'பிவட்' (pivot). இதுதான் எல்லாவற்றிலும் கெட்டிக்காரச் சொல். கூடைப்பந்தில் பந்தைப் பிடித்து நிற்கிறவர் ஒரு காலை ஊன்றிக்கொண்டு இன்னொரு காலால் சுற்றலாம்; ஊன்றிய கால் இடம்பெயர்ந்தால் தவறு. ஆக பிவட் என்றால் நான் விலகவே இல்லை, இதே இடத்தில்தான் நிற்கிறேன், முகம்தான் வேறு பக்கம் என்று சொல்வதாகிறது. போட்ட பணத்தை எண்ணிக்கொண்டிருக்கிற முதலீட்டாளரிடம் சொல்ல இதைவிட ஆறுதலான வினை கிடையாது. யாராவது பிவட் என்று அறிவித்தால் அந்த ஊன்றிய கால் எது என்று கேட்கலாம், பதில் இருக்கிறவர்கள் இருக்கத்தான் செய்கிறார்கள். க்ளிட்ச் என்று ஓர் இணைய விளையாட்டை 2012 கடைசியில் மூடினார்கள். அதைக் கட்டும்போது ஊழியர்கள் தங்களுக்குள் பேசிக்கொள்ளச் செய்துவைத்திருந்த கருவி அடுத்த வருடம் ஸ்லாக் என்ற பெயரில் வெளியே வந்தது. அங்கே கால் நிஜமாகவே தரையில் இருந்தது. மற்றபடி நான் படிக்கிற பிவட் அறிவிப்புகளில் பாதிக்கு மேல் வெறும் ஒடிப்புதான். குறுக்கே வந்தது என்ன என்பதை மட்டும் அறிவிப்பில் எழுத மாட்டார்கள்.